ஓடப் பிறந்த நாய்க்கு மூன்றடிச் சங்கிலியா?

உத்திரமேரூர் வட்டாரத்தில், மானாம்பதி பக்கத்துக் கிராமங்களில் வீட்டைச் சுற்றி வேலி என்றால், முன்பெல்லாம் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்ட படல்தான். நாய் உள்ளே வரும், வெளியே போகும். அதை யாரும் ஒரு பிரச்சினையாக நினைத்ததில்லை. தெருவுக்குப் பொதுவாக நாலு நாய் இருக்கும். வீட்டுக்கு வீடு ஒரு கை பழைய சோறு விழும். ராத்திரி புது ஆள் தெருவில் கால் வைத்தால் நாலும் சேர்ந்து குரைக்கும். அத்தோடு கணக்கு தீர்ந்தது.

இப்போது இதே வட்டாரத்தில் நிலத்துக்கு நடுவே கல்கால் நட்டு, கம்பி வலை இழுத்த தோட்ட வீடுகள் வந்துவிட்டன. ஊருக்குள் காம்பவுண்டு சுவரும் இரும்பு கேட்டும் போட்ட மாடி வீடுகள் எழுந்துவிட்டன. காவலுக்கு என்று ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். முதல் ஆறு மாதம் அது வீட்டின் செல்லப் பிள்ளை. எட்டு, ஒன்பது மாதத்தைத் தொட்டதும் புகார் ஆரம்பிக்கிறது. "கேட்டு கொஞ்சம் தொறந்தாப் போதும்ணா, காணாமப் பூடுது." அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் வந்து நிற்பார். "உன் நாயி எங்க கோழிய அடிச்சிட்டுது, வந்து பாரு." கோழிக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்த கையோடு நாயின் கழுத்தில் சங்கிலி ஏறும். பல நாய்களுக்கு அதோடு வாழ்க்கை முடிந்துவிடுகிறது. பிறகு அது சாகிற வரைக்கும் அந்த மூன்றடி வட்டம்தான்.

அந்தச் சங்கிலிக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அதற்காக நாயை ஊர் மேய விட வேண்டும் என்றும் சொல்லவில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் செலவு, கொஞ்சம் பொறுமை, தினமும் ஒரு மணி நேரம் கேட்கும் வழி.

ஓட்டத்துக்கென்றே வளர்த்த இனம்

நாம் வாங்கி வருவது என்ன நாய் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விருதுநகர் வட்டாரத்துச் சிப்பிப்பாறையும், கன்னியும், ராஜபாளையமும் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கும் காவலுக்கும் பொறுக்கி வளர்த்த இனங்கள். ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, உள்ளே ஏறிய வயிறு, நீண்ட கால். இந்த உடல்வாகு முழுக்க ஓட்டத்துக்கானது. பெரும்பாலான நாய்கள் மோப்பத்தை நம்பும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணை நம்பும். தூரத்து வரப்பில் ஒரு அசைவு தெரிந்தால் போதும், உடம்பு கிளம்பிவிடும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் அதன் காதில் ஏறாது. அதைத் திமிர் என்று சொல்வது நியாயமில்லை. முயலை விரட்டும்போது எதற்கும் நிற்காத நாயைத்தான் அந்தக் காலத்து ஆட்கள் இனப்பெருக்கத்துக்கு எடுத்தார்கள். அந்தக் குணத்தைத்தான் இன்று நாம் குற்றம் என்கிறோம்.

இந்த இனங்கள் அழிந்துவிடக் கூடாது என்று சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை 1980களின் தொடக்கத்தில் ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனித்த இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் 'மன் கி பாத்' வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொல்லி, நாட்டு நாய் வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். அதன்பின் கிராக்கி இன்னும் கூடியது. நாட்டு இனத்துக்கு இந்த மரியாதை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் குட்டி விற்பவர்களில் பலர் விலையைச் சொல்கிறார்கள், வம்சத்தைச் சொல்கிறார்கள். அதற்குத் தினம் எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

நாயும் வேலையும் நம் மண்ணில் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு சான்று இருக்கிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் அது. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. வீரனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டே சொல்கிறது. சுமார் 1,400 ஆண்டுக்கு முன்னால், பெயர் வைத்து, வேலை கொடுத்து, கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவனுக்கு மந்தை இருந்தது, மேய்ச்சல் காடு இருந்தது, கூடவே நடக்க ஒரு ஆள் இருந்தான். நம் வீட்டு நாய்க்கு இருப்பது சிமெண்டுத் தரையும் ஒரு தட்டும்.

ஏன் தாண்டுகிறது?

எட்டு, ஒன்பது மாதத்தில் புகார் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கடுவன் நாய் பருவத்துக்கு வரும் வயது அது. பெட்டை நாய் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். அந்த வாசம் காற்றில் வந்துவிட்டால் கடுவனுக்குச் சோறும் வேண்டாம், வீடும் வேண்டாம். தெரு நாய்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் சீசன் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் நாய் அந்த மாதங்களில் மட்டும் ஓடுகிறதென்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் பயம். தீபாவளி வெடியைச் சொல்லவே வேண்டாம். ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது அடிக்கும் பம்பை, பாரதக் கூத்துக்குக் கட்டும் ஒலிபெருக்கி, சாவு எடுப்பு ஊர்வலத்தில் போடும் சரவெடி, இவை எல்லாமே நாயின் காதுக்கு நமக்குக் கேட்பதைவிடப் பல மடங்கு. பயந்து ஓடும் நாய் வழி பார்த்து ஓடாது. அதனால் திரும்பி வரும் வழியும் அதற்குத் தெரியாது. தொலைந்தே போகும் நாய்களில் இந்த வகை அதிகம். திருவிழா ராத்திரியில் அதை உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையோ டிவியையோ ஓட விட்டு, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது, சும்மா இருப்பது. காலை எட்டு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிடுகிறார்கள். சாயங்காலம் வரை அந்த நாய்க்குச் செய்ய ஒன்றுமில்லை. கேட்டுக்கு வெளியே ஆடு போகிறது, கோழி போகிறது, அறுப்பு முடிந்த வயலில் மயில் மேய்கிறது. ஒரு முறை தாண்டிப் பார்க்கும். வெளியே கிடைத்த சந்தோஷம் அதற்குக் கூலி. மறுநாளும் தாண்டும். நாள் போகப் போக அது பழக்கமாகிவிடும். பழக்கமான பிறகு திருத்துவது கடினம். அதனால்தான் முதல் முறை ஓடிய அன்றைக்கே வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன்.

எங்கே தாண்டுகிறது?

இதைத் தெரிந்துகொள்ள வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் மாடியிலோ மறைவிலோ நின்று கவனித்தால் போதும். நாய் கண்ட இடத்தில் எகிறாது. துணி துவைக்கிற கல் சுவரை ஒட்டிப் போட்டிருக்கும். அதன்மேல் ஏறி அங்கிருந்து சுவர்த் தலைக்கு ஒரு தாவு. வைக்கோல் போரும், அடுக்கி வைத்த செங்கலும், தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் படிக்கட்டுதான். இரண்டு சுவர் சேரும் மூலையில் ஒரு பக்கம் ஒரு கால், மறுபக்கம் ஒரு கால் என்று உதைத்து ஏறும் நாய்கள் உண்டு. கம்பி வலையென்றால் கல்காலுக்கும் வலைக்கும் நடுவே தொய்ந்த இடத்தை மூக்கால் நெம்பும். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால் மண்ணைப் பறித்து அதை ஒரு சாணாக்கிவிடும். அதன் கால் தடமும் சுவரில் தேய்ந்த அழுக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் வேலையாகச் சுவரோரம் இருப்பதையெல்லாம் ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை. அடுத்தது உயரம். நல்ல வளர்த்தி உள்ள சிப்பிப்பாறைக்கு ஐந்தடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. ஆறடியாவது வேண்டும், அதற்கு மேலே உள்பக்கம் சாய்ந்த மாதிரி ஒன்றரை அடிக்கு இரும்புக் கோணம் வைத்து வலை கட்டினால் தாண்டுவது அரிது. நாய் மேலே பார்க்கும்போது தலைக்கு மேல் வலை தெரிய வேண்டும், அதுதான் சூட்சுமம். சுவரின் தலையில் நாலு அங்குல பிவிசி பைப்பைக் கம்பியில் கோத்து, உருளும்படி விடுவது இன்னொரு வழி. முன்னங்காலை ஊன்றியதும் பைப் உருளும், பிடி கிடைக்காமல் உள்ளேயே இறங்கிவிடும். கம்பி வலை வேலிக்குப் பச்சை நிழல்வலையைக் கட்டி வெளிக்காட்சியை மறைத்தால், கண்ணால் வேட்டையாடும் நாய்க்கு ஆசை பாதி குறையும்.

தோண்டும் நாய்க்கு வேலியின் அடியில் இரண்டடி அகல வலையை உள்பக்கம் மடித்துத் தரையில் பரப்பி, மேலே கல்லோ மண்ணோ போட்டு மூட வேண்டும். வேலி ஓரத்தில்தான் அது தோண்டும். நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும். கேட்டின் அடியில் ஒரு சிமெண்டுப் படி கட்டிவிடுவது நல்லது. முடிந்தால் கேட்டுக்கு உள்ளே நாலடி தள்ளி ஒரு சின்னக் கதவு. வண்டி உள்ளே வரும்போதும், பால்காரர் வரும்போதும் நாய் நழுவாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

செய்யவே கூடாதவை இரண்டு. சுவர்த் தலையில் கண்ணாடிச் சில்லு பதிப்பது ஒன்று. ஓடும் வேகத்தில் உள்ள நாய் அதைப் பார்த்து நிற்காது, வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது மற்றொன்று. அது குற்றம். நாயையும் கொல்லும், வரப்பில் நடக்கும் மனிதரையும் கொல்லும். காட்டுப்பன்றிக்கு என்று போட்ட மின்வேலியில் சிக்கி மனிதர்கள் செத்த செய்திகள் தமிழ்நாட்டில் வந்துகொண்டே இருக்கின்றன.

ஒரு மணி நேரம்

வேலியை எவ்வளவு உயர்த்தினாலும், உள்ளே இருக்கும் நாயின் ஓட்டம் எங்காவது செலவாக வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு அரை மணி, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அரை மணி. இதைக் கொடுத்துவிட்டால் பகலில் அது நிழலில் படுத்துத் தூங்கும். நிலம் இருப்பவர்கள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது நீளக் கயிற்றில் கூட்டிப் போகலாம். முப்பதடிக் கயிறு இருந்தால் வரப்பில் அதுவும் ஓடும், உங்கள் கையை விட்டும் போகாது. சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகல் ஓட்டம் வேண்டவே வேண்டாம். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சால்தான் சூட்டை இறக்கும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் அது நெருப்புதான்.

பைக்கில் கயிற்றைக் கட்டி நாயை ஓட விடும் பழக்கத்தை நம் சாலைகளில் பார்க்கிறேன். தயவுசெய்து விட்டுவிடுங்கள். வண்டியின் வேகம் நாயின் வேகம் இல்லை. எலும்பு முதிராத குட்டிக்கு மூட்டு கெடும். குறுக்கே ஒரு பூனை ஓடினால் நாயும் விழும், வண்டியும் விழும்.

மூளைக்கும் வேலை வேண்டும். வைக்கோலைக் கொஞ்சம் பரப்பி, வேகவைத்த ஈரல் துண்டுகளை அதில் ஒளித்து, "தேடு" என்று விட்டுப் பாருங்கள். அரை மணி ஓடியதற்குச் சமமாகக் களைத்துவிடும். ஒரு வேளைச் சோற்றையே இப்படித் தேட வைக்கலாம்.

இனி முக்கியமான ஒன்று. ஓடிப்போன நாய் இரண்டு மணி நேரம் கழித்து வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. நாம் தேடி அலைந்த கோபத்தில் கையில் கிடைத்த குச்சியால் சாத்துகிறோம். ஓடியதற்கு அடி என்று நாம் நினைக்கிறோம். வீட்டுக்கு வந்ததற்கு அடி என்று அது நினைக்கிறது. அடுத்த முறை அது சீக்கிரம் வராது. கூப்பிட்டால் இன்னும் தள்ளி ஓடும். எவ்வளவு கோபம் இருந்தாலும் திரும்பி வந்த நாய்க்குத் தண்ணீர் வையுங்கள், கழுத்தைத் தடவிக் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரும் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு துண்டு தின்னக் கொடுங்கள். கட்டுவதற்கு மட்டுமே கூப்பிடும் ஆளிடம் எந்த நாயும் வராது. தெருவில் அதைத் துரத்தவும் கூடாது. துரத்தினால் அது விளையாட்டாகிவிடும். எதிர்த் திசையில் நீங்கள் ஓடுங்கள், பின்னாலேயே வரும்.

சங்கிலியும் சட்டமும்

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்கு விதை போட்டது, மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த நம் ருக்மிணிதேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தகாத அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் தகாத நேரம் விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உரிமையாளர் போதிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவதும் தனிக் குற்றம். அபராதம் சிறு தொகைதான். ஆனாலும் கட்டிப்போட்ட நாய்க்கு ஓட்டம் வேண்டும் என்று நாட்டின் சட்டமே அத்தனை காலத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறது.

காலமெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய் நல்ல காவலும் காக்காது. கண்ணில் படுபவரையெல்லாம் பார்த்து வெறி கொள்ளும். ஒரு நாள் கொக்கி அறுந்தால் முதலில் அகப்படுவது பெரும்பாலும் குழந்தைதான். வேலி வேலை முடியும்வரை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு மரத்துக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் கயிற்றைக் கட்டுங்கள். நிழலும் தண்ணீரும் எட்டும்படி, சுவருக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். கயிற்றோடு சுவர் தாண்டித் தொங்கிச் சாகும் நாய்கள் உண்டு.

வேலிக்கு வெளியே

ஓடிய நாய்க்கு என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தால் போதாது. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருபவர்களின் மந்தைக்குள் ஒரு வேட்டை நாய் புகுந்தால், அவர்களுடைய பல நாள் பிழைப்பு போகும். நாலு ஆடு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மாவுக்கு ஒரு ஆடு என்பது பள்ளிக் கட்டணம். முயலையோ மயிலையோ அடித்தால் 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். ராத்திரி குறுக்கே ஓடும் நாயால் இரு சக்கர வண்டியில் போகிறவர் விழுந்தால் அது உயிர்ப் பிரச்சினை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில், கயிறு இல்லாமல் விட்ட இரண்டு ராட்வெய்லர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின, உரிமையாளர் கைதானார். வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வெறிநாய்க்கடி நோயை இங்கே பேசாமல் போக முடியாது. உலகில் இந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் மருந்து வேலை செய்யாது. வெளியே அலைந்துவிட்டு வரும் நாய் தெரு நாயிடம் கடிபட்டு வந்து நம் வீட்டுப் பிள்ளையை நக்கும். ஆகவே குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் பூஸ்டர், அதற்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறை. இதில் தள்ளிப்போடுவதற்கே இடமில்லை. யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஊசி இலவசம். எத்தனை ஊசி சொல்கிறார்களோ அத்தனையும் போட்டு முடிக்க வேண்டும்.

கருத்தடை விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தயக்கம் அதிகம். "காய் அடிச்சா காவல் காக்காதே" என்பார்கள். அது தவறு. காவல் குணம் விதையில் இல்லை. அறுவைசிகிச்சைக்குப் பின் பெட்டையைத் தேடி அலையும் ஓட்டம் பெரும்பாலான கடுவன்களிடம் குறைகிறது. எல்லாவற்றிடமும் ஒரே அளவில் குறையும் என்று சொல்ல முடியாது. முயல் பார்த்து ஓடுவதும், சும்மா இருக்க முடியாமல் ஓடுவதும் இதனால் நிற்காது, அதற்கு வேலியும் ஓட்டமும்தான். எந்த வயதில் செய்வது என்பதை இனத்தையும் உடலையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வார். வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உரிமையாளரே பொறுப்பு என்பதுதான் விதியும்கூட.

நாய் இன்று ஓடிவிட்டது என்றால் முதலில் பக்கத்துத் தெருக்களிலும், கடைசியாக ஓடிய திசையிலும் தேடுங்கள். விடியற்காலையில் பால் ஊற்ற வருபவர்களிடமும் டீக்கடையிலும் சொல்லி வையுங்கள். ஊரில் அவர்கள் கண்ணில் படாமல் எதுவும் போகாது. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக் கிணறுகளை எட்டிப் பாருங்கள். நீங்கள் உடுத்திக் கழற்றிய லுங்கியையோ துண்டையோ கேட்டருகே போட்டு, ராத்திரி கேட்டைத் திறந்து வையுங்கள். உங்கள் வாசத்தைப் பிடித்து வந்து படுத்திருக்கும் நாய்கள் உண்டு.

குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. விடியற்காலை ஐந்தரைக்கு அதோடு எழுந்து நடக்கப் போவது யார் என்று வீட்டில் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். ஆள் இல்லை என்றால் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேண்டாம். தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளருங்கள், அது குறைந்த இடத்தில் நிறைவாக வாழும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இந்த இதழைக் கீழே வைத்ததும் நாயின் கழுத்துப் பட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் போன் நம்பர் இல்லையென்றால், இன்றைக்கே எழுதிக் கட்டிவிடுங்கள்.